நான்காம் எண் கிணறு

நல்லாக்கவுண்டன்புதூர்,
பல்லடம் வழி.
11.8.1996

அன்புள்ள மாமாவுக்கு,

தெய்வாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் வாணியும் குறையில்லாமல் இருக்கிறோம். கடுனா மில்லில் இன்னும் ஷிப்டு மாற்றித் தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நைஜீரியாக்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நீங்கள் பஞ்சுத் தூசியில் நின்றுகொண்டு இருமலை வாங்கிக்கொள்ளாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஆடி பிறந்தும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை. தென்னைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பாய்ச்சுகிறேன். மஞ்சள் இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேறொரு விஷயம். அதற்காகத்தான் ஏரோகிராம் போதாது என்று கவர் வாங்கி எழுதுகிறேன். வாணியின் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு திட்டம் நடக்கிறது. ஹாலந்து நாட்டில் ஒரு பள்ளிக்கூடமும் நம் பள்ளிக்கூடமும் சேர்ந்து தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் படிக்கிறார்களாம். அங்கிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நீளமான டேப். அதன் முனையில் பித்தளையில் ஒரு குட்டிக் கிண்ணம். கிணற்றுக்குள் விட்டால், தண்ணீரைத் தொட்டதும் 'பொளக்' என்று சத்தம் வரும். உடனே எத்தனை ஆழம் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அதில் அடிக் கணக்கு கிடையாது, மீட்டர்தான். வாணி பெருக்கி அடியாக்கி எழுதுகிறாள். ஊரில் எட்டுக் கிணறுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். நம்முடையது நான்கு. நம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னான் கிணறு ஐந்து.

நீங்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எங்கேயோ இருக்கும் ஹாலந்துக்காரனுக்கு நம் கிணற்றின் ஆழம் எதற்கு? நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். இதை நடத்துவது யாஸ்மின் டீச்சர். கோயமுத்தூரில் உக்கடத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், சின்ன வயசுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சுங்க. அதனாலதான் எல்லாத்தையும் ரெண்டு நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நம்ம ஊருக்கு" என்றார். அந்த ஹாலந்துப் பிள்ளைகளின் வீடுகள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றனவாம். இரவு பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியே இறைக்கிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உங்கள் அண்ணன் சுத்தமாக நம்பவில்லை. வீட்டுக்கே வந்து, "அம்மணி, வெள்ளைக்காரன் சும்மா டேப்பு வாங்கிக் குடுப்பானா? எங்க எத்தனை அடியில தண்ணி கெடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, நாளைக்கே கம்பெனி போட்டுருவான். புள்ளைய அனுப்பாத" என்றார். டீச்சரைப் பற்றியும் ஏதேதோ சொன்னார். அதைக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. கீழ்க்காட்டில் கண்ணாடி விரியன் நடமாட்டம் இருக்கிறது, பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வரவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழ்க்காடு உங்கள் பங்குக்கு வந்த நிலம். நீங்கள் வரும்வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆகையால் சரி என்று கேட்டுக்கொண்டேன். வாணியை இந்தத் திட்டத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நீங்களே எழுதுங்கள். அதுவரை போகட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த டேப்பை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தெய்வாத்தாள்.


நல்லாக்கவுண்டன்புதூர்,
6.10.1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இருமல் இல்லை என்று எழுதியது நிம்மதி. வாணிக்கு நீங்கள் அனுப்பிய மணி மாலையை அவள் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போய்த் திட்டு வாங்கினாள்.

கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில், "அண்ணன் சொல்வது சரிதான். வாணியை அந்தத் திட்டத்திலிருந்து நிறுத்திவிடு. முக்கியமாகக் கீழ்க்காட்டுப் போர்வெல் பக்கம் விடாதே" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எந்தப் போர்வெல்? கீழ்க்காட்டில் பாம்பு இருக்கிறது என்றுதானே நான் எழுதினேன். போர் இருக்கிறது என்று எழுதவில்லையே. எனக்கே தெரியாததை நான் எப்படி எழுதியிருப்பேன்?

அதற்கு முன்னாலேயே வாணி ஒன்று கேட்டிருந்தாள். காலையிலும் சாயங்காலமும் அளந்து எழுதிய நோட்டை என் முன்னால் விரித்துப் போட்டு, "மூணு பேஸ் கரண்டு காலையில வர்ற நாள்ல நம்ம கிணறு ஒண்ணரை அடி எறங்குதும்மா. அன்னைக்கு நம்ம மோட்டாரே ஓடல. அப்பறம் தண்ணி எங்க போகுது?" என்றாள். அளக்கத் தெரியாமல் அளந்திருப்பாய் என்று அவளைத் திட்டினேன். ஐந்தாம் நம்பர் இன்னும் மோசம். சின்னான் கிணறு ஏழு வாரத்தில் பதினொரு அடி கீழே போய்விட்டது. அவன் பெண்டாட்டி இப்போது குடிதண்ணீருக்கு ரோட்டைத் தாண்டி மில் குழாய்க்குப் போகிறாள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையில் வாணியைக் கூட்டிக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போனேன். பாம்பு ஒன்றும் இல்லை. உர ஷெட் என்று உங்கள் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த தகரக் கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு ஹோஸ் வேலிக்கு வெளியே போய், டேங்கர் லாரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு லாரி அதற்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போகிறதாம், டிரைவரே சொன்னான். லாரிச் சத்தம் எனக்கும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பல்லடம் ரோட்டில் போகிற வண்டி என்று நினைத்திருந்தேன். வாணி நோட்டில் மணியை மட்டும் குறித்துக்கொண்டாள்.

லைன்மேன் சீனிவாசலு அண்ணனைப் பார்த்து, இந்த மோட்டாருக்கு யார் கரண்டு கொடுத்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க வூட்டுக்காரர் பேர்ல இருந்த பழைய கரண்டு சர்வீசைத்தானுங்க போருக்கு மாத்தியிருக்குது. சித்திரையில மனுக் குடுத்தாங்க. கையெழுத்து அவங்களுதுதானுங்களே" என்றார்.

சித்திரையில் நீங்கள் லீவில் இங்கே இருந்தீர்கள். வைகாசி பிறந்ததும் கிளம்பினீர்கள். கிளம்பும்போது, "வால்பாறையில உன் தங்கச்சிக்குப் பிரசவம், புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி நல்லா இருந்துட்டு வா" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். இருபது நாள் இருந்துவிட்டு வந்தேன். போர் போடும் வண்டி வந்து நின்றது அந்த இருபது நாளில்தான் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் அண்ணனிடம் கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "உன்ற வூட்டுக்காரனையே கேளு அம்மணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆகவே உங்களையே கேட்கிறேன். அவர் ஏமாற்றி வாங்கிய கையெழுத்தா, நீங்கள் தெரிந்து போட்டதா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். வாணியை நான் நிறுத்தவில்லை.

தெய்வாத்தாள்.


நல்லாக்கவுண்டன்புதூர்,
23.1.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பொங்கலுக்குக் கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் சலங்கை கட்டினோம். ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் கிணறு நான்கு அடிதான் ஏறியது.

என் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறிவிட்டது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் தபால்காரர் யூனுஸ், "பெரியவங்களுக்கு ஆப்பிரிக்கா லெட்டர் வந்துச்சுங்களே, உங்களுக்கு வரலீங்களா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனுக்கு எழுத உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

ஹாலந்திலிருந்து இரண்டு வாத்தியார்களும் ஆறு பிள்ளைகளும் இந்த மாதம் பத்தாம் தேதி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, எட்டுக் கிணறுகளின் அளவையும் நம் பிள்ளைகளே ஊருக்கு வாசிப்பதாக ஏற்பாடு. வாணியின் பங்குக்கு நான்கும் ஐந்தும்.

முந்தின நாள் காலையில் உங்கள் அண்ணன் வந்தார். இந்தத் தடவை வெள்ளைக்காரனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் எடுத்துப் போடச் சொல்லு. அவன் பேர்ல இருக்கிற சர்வீசு. விவசாயக் கரண்டுல தண்ணி வித்தா கேசு அவன் மேலதான் வரும். பாத்துக்க" என்றார். மாமா, அதைக் கேட்டதும் அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். யாஸ்மின் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "உங்க குடும்பத்து விஷயமுங்க. நீங்க வேண்டாம்னா நான் நாலையும் அஞ்சையும் விட்டுடறேன். ஆனா வாணிகிட்ட நீங்கதான் சொல்லணும். என்னால முடியாதுங்க" என்றார்.

என்னாலும் முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் அவள் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. உங்கள் அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு அவர்தான் மாலை போட்டார். வாணி எழுந்தாள். கரண்டு வந்த நாளையும் கிணறு இறங்கிய அடியையும் வரிசையாக வாசித்தாள். ஹாலந்து வாத்தியாரம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டீச்சர் தமிழில் சொன்னார், மோட்டார் ஓடாதபோது தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேட்கிறாராம். வாணி என்னைப் பார்த்தாள். சபையில் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "கீழ்க்காட்டுல ஒரு போர் இருக்குதுங்க. தண்ணி லாரியில போகுதுங்க. காடும் எங்களுது, சர்வீசும் எங்க வூட்டுக்காரர் பேர்லதானுங்க" என்றேன். உங்கள் அண்ணன் பெயரை நான் சொல்லவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பின்னால் தூணோரம் நின்ற சின்னான் அப்போது பேசினான். "தெரியுமுங்க அம்மணி. லாரிக்கு வழி விட முள்ளு வெட்டுனதே நான்தானுங்க. கூலி குடுத்தாங்க, வெட்டுனேன். என்ற கிணத்துலதான் கை வெக்கறாங்கன்னு அப்பத் தெரியலீங்க. தெரிஞ்சப்பறம் யாருகிட்டச் சொல்றதுங்க? நீங்களும் சேந்துதான் பண்றீங்கன்னு இருந்தேன்" என்றான்.

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள் நான். ஹாலந்துக்காரனை, டீச்சரை, அளந்து வந்த என் பெண்ணைக்கூட. ஆறு மாதமாக அவன் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

வந்தவர்கள் நம் வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட்டார்கள். தண்ணீர் மட்டும் அவர்கள் கொண்டு வந்த பாட்டிலிலிருந்துதான் குடித்தார்கள். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் கிளம்பும்போது அவர்களுக்கென்று எழுதிய நோட்டை டீச்சர் கையில் திருப்பிக் கொடுத்து, ஊர்க்காரர்கள் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள், போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் சம்மதித்தது.

மறுநாளிலிருந்து லாரி வரவில்லை. ஆனால் மோட்டார் அப்படியே இருக்கிறது, பூட்டும் உங்கள் அண்ணன் கையில் இருக்கிறது. பேச்சு அடங்கினால் மறுபடி ஓடும் என்று எனக்குத் தெரியும். சர்வீசைத் துண்டிக்கச் சொல்லி மனு எழுதி வாங்கியிருக்கிறேன். அதை நான் கொடுத்தால் செல்லாதாம், நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்தக் கவருக்குள் இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். போட வேண்டிய இடத்தில் வாணி பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனேன். அநியாயம் செய்தவர் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் மாசாணியம்மன் கேட்பாள் என்று எல்லாரும் போகிறார்களே, நானும் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அரைக்கும் கல்லின் முன்னால் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் பேரைச் சொல்வது? உங்கள் அண்ணன் பேரை மட்டும் சொன்னால் அம்மனிடம் பொய் சொன்னதாகும். இன்னொரு பேர் என் வாயில் வரவில்லை. பின்னால் இருந்தவள், "அரைங்கக்கா, நேரமாகுதில்லீங்களா" என்றாள். எழுந்து அவளுக்கு இடம் விட்டுவிட்டேன்.

மிளகாயை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சமையலுக்கும் எடுக்க மனசில்லை.

கடுனாவில் குளிர் காற்று அடிக்கும் மாதம் இது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஊர் வந்து சேர வேண்டும் என்றுதான் அந்த அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புள்ளிக்கு மேல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், மாமா.

உங்கள்
தெய்வாத்தாள்.