தாமோதரன் உடைத்த தறி

சூரத்

அன்புள்ள நைனாவுக்கு,

லோகநாதன் வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? கிருத்திகைக் கூட்டத்தில் நம் தேங்காய்க் கடையில் நின்றுகொண்டே இருக்காதீர்கள்.

என் இடது கையில் சின்னக் கட்டு. பயப்பட வேண்டாம். ஆலையில் நான் பூட்டிய புதுத் தறி ஒவ்வொன்றும் பழைய தறி ஆறு நெய்யும் துணியை நெய்கிறது. அதனால் முப்பது பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அம்மையார்குப்பம் தாமோதரனும் அதில் ஒருவன். போன திங்கட்கிழமை அவர்கள் எல்லோரும் இரும்புக் கம்பியோடு உள்ளே புகுந்து தறிகளை அடித்து நொறுக்கினார்கள். மேலாளர் அறைக் கண்ணாடி தெறித்து அவர் முகம் கிழிந்தது.

நான் குறுக்கே போய், "பத்து வருசத்துல தொழில் பெருசாயி எல்லாருக்கும் வேலை வரும்டா" என்றேன்.

"அதுவரைக்கும் என் புள்ளைங்க வயிறு காத்துகினு இருக்குமாடா?" என்று கத்திக்கொண்டே தாமோதரன் கம்பியை இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவனேதான் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கேயே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டது.

ஒரு கையால் லுங்கி கட்ட முடியவில்லை. அறையில் உதவிக்கு ஆளில்லை. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை இரண்டு அனுப்புங்கள்.

நேற்று ஜெயிலில் அவனைப் பார்த்தேன். "கை எப்டி கீது?" என்று கேட்டு அழுதான். இன்னும் பன்னிரண்டு புதுத் தறிகள் வந்து இறங்கியிருப்பதை நான் சொல்லவில்லை. அவற்றைப் பூட்ட, என் கை கூடட்டும் என்று முதலாளி காத்திருக்கிறார்.

கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில்தான் இதை எழுதுகிறேன்; என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

லோகு