பெரியவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை

நேற்று உன் காருக்குப் புது பேட்டரி போட்டேன். ஒரு வாரமாகவே காலையில் எழுந்திருக்க அடம்பிடித்துக்கொண்டிருந்தது. நேற்று மளிகைக் கடை வாசலில் சுத்தமாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிட்டது. நீ பதிந்து வைத்திருந்த முதல் பொத்தானை அமுக்கினால் வெறும் இரைச்சல். எந்த எண்ணில் அந்த ஸ்டேஷன் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் முதல் பொத்தான்தான்.

கடை வாசலிலேயே உட்கார்ந்து திருகினேன். ஸ்பானிஷ் பாட்டு வந்தது, பாதிரியார் வந்தார், எங்கோ டிராஃபிக் என்று ஒருத்தி புலம்பினாள். கடைசியில் அந்தப் பழைய கரகரக் குரல் கிடைத்தது. அதில் பேஸ்பால் பற்றி வாய் மூடாமல் பேசுபவன் சொன்ன முதல் செய்தியே, பையனைப் பெரிய டீமில் ஆடக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுதான். நம் பையன். தேறவே மாட்டான் என்று நீ சத்தியம் பண்ணிய அதே பையன். "பார்த்தியாடா" என்று வலது பக்கம் திரும்பினேன். அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தவன் நான்தான், ஒரு வருஷத்துக்கு முன்னால். இப்போது அங்கே என் சாப்பாட்டுப் பை இருக்கிறது.

உனக்குத் தெரியாததா, நான் இந்த ஊருக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மாம்பலம் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து, இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கும் என்று உலகமே அலறியது. பழைய மெயின்ஃப்ரேம் புரோகிராம்களைத் திருத்தத் தெரிந்த கிழங்களைத் தேடிப் பிடித்து விசா கொடுத்தார்கள். அப்படித்தான் ஐம்பது தாண்டியவன் அமெரிக்காவில், இந்த லிவர்மோரில் ஒரு அப்பார்ட்மென்டில் வந்து விழுந்தேன். கார் ஓட்டத் தெரியாது. ஆபீஸோ மலைக்கு அந்தப் பக்கம். அதே ஆபீஸில் புது சிஸ்டம் எழுத வந்திருந்த ஈரோட்டுக்காரன் நீ, மாடி வீட்டில் இருந்தாய். முதல் நாள் படியிறங்கி வந்து, "நானும் அங்கதானுங்க சார் போறேன். ரெண்டு பேரு இருந்தா கார்பூல் லேன்ல பறந்துரலாமுங்க" என்றாய். உதவி செய்வதைக்கூட உனக்கு வசதி என்பதுபோல் சொல்லத் தெரிந்தவன் நீ.

காரில் ஏறியதும் ரேடியோவில் பேஸ்பால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனிடம் போய், கில்லி விளையாட்டுக்குப் பேன்ட் மாட்டிவிட்டதுபோல் இருந்த ஒன்றைக் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு மாசம் திட்டினேன். அடுத்த மாசம், அந்த ஆளை ஏன் இன்னும் பந்து வீச விடுகிறார்கள் என்று நானே கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் வண்டி பக்கத்து லேனுக்குப் போய் வந்தது.

ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது ஆட்டம் இல்லாத குளிர்காலம்தான். ரசிகர்கள் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் அந்த ரேடியோ நிகழ்ச்சி. அந்த வருஷம் ஒரே சண்டை. நம் டீமில், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும் ஆட்டக்காரர் இடம் காலி. வேறு டீமில் பல வருஷம் ஆடி, முட்டி தேய்ந்து, பெயர் மட்டும் தேயாமல் இருந்த ஒருவரை ஒரே ஒரு வருஷத்துக்கு எடுக்கலாமா, அல்லது கீழ்மட்ட மைனர் லீகில் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும், நம் டீமே வளர்த்த பிள்ளைக்குக் கொடுக்கலாமா? சுற்றுவட்டார ஊர்கள் முழுக்க இரண்டு கட்சி. நம் காருக்குள்ளும் இரண்டு கட்சி. அவருக்குப் பெரியவர் என்றும் இவனுக்குப் பையன் என்றும் நாமே பெயர் வைத்துக்கொண்டோம்.

நீ பெரியவர் கட்சி. "பையன் பெரிய ஆட்டத்துல என்னத்தைப் பண்ணிக் கிழிச்சான்னு சார் அவனுக்கு எடம்? பெரியவரு பார்க்காத பந்தாங்க?" என்பாய். நான் பையன் கட்சி. இடம் கொடுக்காமலே அவன் தேறமாட்டான் என்றால் எப்படி, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா என்று கத்துவேன். மலை ஏறும்போது ஆரம்பித்தால் ஆபீஸ் பார்க்கிங்கில் கதவைச் சாத்தும்போதுதான் முடியும். சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நாள் முழுவதும் ஆபீஸில் என்னிடம் யாரும் நாலு வார்த்தை பேசியதில்லை என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை. வாய் வலிக்க வலிக்க வீட்டுக்கு வந்தவனுக்கு அது எப்படி உறைக்கும்?

ஒரு சாயங்காலம் உனக்குப் பொறுக்கவில்லை. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த பப்ளிக் போனிலிருந்து அந்த நிகழ்ச்சிக்கே பேசினாய். நான் காரில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டேன். லிவர்மோரிலிருந்து ஒரு நேயர் என்றான் நிகழ்ச்சி நடத்துபவன். நீ என்ன செய்தாய்? மரியாதையாக வணக்கம் சொன்னாய். நிகழ்ச்சி சிறப்பாக இருக்கிறது என்று பாராட்டினாய். அவன் குடும்பம் சௌக்கியமா என்று விசாரித்தாய். பிறகு, இந்த விஷயத்தில் என் தாழ்மையான கருத்து என்னவென்றால், என்று ஆரம்பித்தாய். அவன் லைனை வெட்டிவிட்டான். ரேடியோவில் குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ போனை வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்து வருகிறாய். உள்ளே உன் குரல் இன்னும் அவன் குடும்பத்தைக் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீ இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பெரியவரைத்தான் எடுத்தார்கள். உனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் முட்டியை நினைத்துக் கவலை வேறு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் லிவர்மோர் கோயிலில், சிவன் சந்நிதியில், தட்டில் தேங்காய் பழத்தோடு நின்று, அர்ச்சனைக்கு அந்த அமெரிக்கக்காரன் பெயரைச் சொன்னாயே! குருக்கள் இரண்டு தரம் கேட்டார். நட்சத்திரம் என்ன என்றார். பெரியவர் பிறந்த தேதியை ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லிப் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தாய். "அனுசமுங்க சாமி. கோத்திரம் தெரியலீங்க, சிவகோத்திரம்னே போட்டுக்குங்க" என்றாய். குருக்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனுஷன் மந்திரத்தோடு மந்திரமாக அந்தப் பெயரை அழகாகச் சொன்னார். விபூதியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து காரின் ஆஷ்ட்ரேயில் கொட்டினாய். பெரியவர் அடிக்கப் போகும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ரேடியோவுக்கு இட்டுவிடுவாய்.

இதற்கு நடுவில் இரண்டாயிரம் பிறந்தது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. பிறகு எங்களைப் போன்ற கிழங்கள் எதற்கு? உன் புராஜெக்டையும் பாதியாகக் குறைத்தார்கள். நம் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்று ஆபீஸில் பேச்சு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். காரில் அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. நீ இன்னும் பலமாகப் பெரியவருக்கு வக்காலத்து வாங்கினாய். அனுபவம் என்றால் சும்மாவா, ஒரு டீமுக்கு மூத்த கை ஒன்று வேண்டாமா என்று. ஒரு நாள் மலை இறக்கத்தில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரேடியோவை நிறுத்தினேன்.

"டேய், நீ யாரைப் பத்திப் பேசறே? எனக்குப் பரிஞ்சு பேசறியா?"

நீ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அட, சும்மா இருங்க சார். பெரியவரு நல்லா ஆடறாருங்க. அவ்ளோதான்."

கொஞ்ச தூரம் போனபின், "நீங்க மட்டும் எதுக்குங்க எப்பப் பார்த்தாலும் பையன் பக்கமே நிக்கறீங்க?" என்றாய்.

"பையன் நல்லா ஆடறான். அவ்வளவுதான்."

நீ கை நீட்டி ரேடியோவைப் போட்டாய். அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

உன்னை வைத்துக்கொண்டார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்தப் போட்டியில் ஜெயித்தவன் நீ; பையன் கட்சிக்காரன் இல்லையா நான்? அன்றைக்கு நீதான் அழாத குறை. ஜூன் கடைசியில் நான் ஊருக்குத் திரும்புவதாக முடிவானது. மாம்பலம் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போவதை நினைக்கத்தான் பிடிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை.

ஜூன் வருவதற்குள் நீ போய்விட்டாய். முப்பத்து மூன்று வயதில் யாருக்கடா நெஞ்சு வலி வரும்? உனக்கும் அது நெஞ்சு வலியாகத் தெரியவில்லை. கேஸ் என்று சொல்லி, பெருங்காயம் கரைத்த மோரைக் குடித்துவிட்டுப் படுத்தாயாம். உன்னோடு தங்கியிருந்தவர் வந்து கதவைத் தட்டியபோது நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஈரோட்டிலிருந்து வந்த உன் அண்ணன், எல்லாம் முடிந்த பிறகு கார் சாவியை என் கையில் வைத்து, "உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேசுவான். நீங்களே வெச்சுக்குங்க" என்றார். நான் அன்றுதான் அழுதேன்.

அப்புறம் ஆபீஸில் கூப்பிட்டார்கள். இடம் ஒன்று காலியாக இருக்கிறது, இருக்க முடியுமா என்றார்கள். காலியாக இருக்கிறதாம்! வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு எங்கே போவது? உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது தினமும் உன் காரில் நான் மட்டும் மலை ஏறி இறங்குகிறேன். சமவெளியில் கார்பூல் லேன் பக்கத்திலேயே காலியாக ஓடுகிறது. அதில் தனி ஆளான எனக்கு அனுமதி இல்லை. தனி ஆட்களின் வரிசையில் ஊர்ந்துகொண்டு, அதில் பறக்கும் கார்களுக்குள் யார் யாரோடு என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பேன்.

பெரியவரை அந்த வருஷக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். வேறு யாரும் எடுக்கவில்லை. இப்போது பையன் வந்துவிட்டான். நான் ஜெயித்துவிட்டேனடா. இந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போனேன். பையன் முதல் ஆட்டம் ஆடுகிறானே, அவன் பெயருக்கு ஓர் அர்ச்சனை என்றுதான் தட்டு வாங்கினேன். குருக்கள் அதே மனுஷன்தான். "யார் பேருக்கு?" என்றார். வாய் வரைக்கும் உன் பெயர் வந்துவிட்டது. போனவர்கள் பெயருக்கு அர்ச்சனை கிடையாது என்று அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? பின்னால் வரிசை நிற்கிறது. பெரியவர் பெயரைச் சொன்னேன். குருக்கள் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"அனுஷம், சிவகோத்திரம். ஞாபகம் இருக்கு" என்றார். "அவர் இப்பவும் ஆடறாரா?"

"இல்லை. ஆனா இருக்கார்" என்றேன்.

விபூதியை மடித்துக் கொண்டுவந்து உன் ஆஷ்ட்ரேயில் போட்டேன். உள்ளே உன் பழைய விபூதி இன்னும் கொஞ்சம் இருந்தது. அதன் மேலேயே கொட்டிவிட்டேன். கோயில் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து, நேற்று தேடிப் பிடித்து முதல் பொத்தானில் பதிந்த ஸ்டேஷனைப் போட்டேன். பையன் அடிக்க வந்தான். மூன்று பந்திலும் மட்டையைக் காற்றில் சுற்றி அவுட்டாகித் திரும்பிப் போனான்.

"பெரியவரையே இன்னொரு வருசம் வச்சிருக்கலாமுங்க" என்று உரக்கச் சொன்னேன், உன்னை மாதிரியே இழுத்து. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பழக்கத்தில் காத்திருந்தேன். உன் கட்சியை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். எதிர்த்துப் பேசத்தான் காரில் ஆள் இல்லை.