அட்டைத் தழும்பு

கஹவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனிற்றாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நாட்கள் போகின்றன, நீ ஜோர்தானில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். லீவு முடிந்து உன் ஃபெக்டரிக்கே திரும்புகிற பலாங்கொடை ஆஸியாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த ஒற்றை அறை லயத்துக் காம்பிராவில் உங்கம்மா காதில் விழாமல் என்னத்தைப் பேசுவது.

மழை விட்டபாடில்லை, கூரைத் தகரம் ஒழுகுகிறது, உன் தம்பி ரெஜினோல்ட் மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று வாயால் மாற்றிக்கொண்டிருக்கிறான். அது கிடக்கட்டும். உங்கம்மா குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததே, தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் அட்டை கடித்த தழும்பு என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தாள். நம் ஆட்கள் காலில் கறுப்பாக எது இருந்தாலும் அட்டைதானே. அது அகன்று ஓரம் கலைந்து கசியத் தொடங்கிய பிறகுதான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் பெண் டொக்டரிடம், அட்டைக் கடிங்க நோனா, எங்க எல்லாருக்கும் இருக்குதுங்க என்று அவருக்கே பாடம் எடுத்தாள். அட்டைத் தழும்பு வளராது அம்மா, இது வளர்ந்திருக்கிறது என்றார் அவர்.

கொஞ்சம் சதை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், வழக்கமாகச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் முடிவு சொல்ல முடியவில்லையாம். அதனால் கொழும்புக்கு அனுப்பினார்கள். அன்டிபொடி என்று ஒன்று இருக்கிறதாம், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டிய இடம் சிவப்பாகத் தெரியுமாம். அந்தச் சிவப்பு தன் இடத்தில் ஒழுங்காக இருந்தால் வெறும் மச்சமாக இருக்கலாம், கண்டபடி சிதறி ஆழத்தில் இறங்கியிருந்தால் மெலனோமா என்கிற தோல் புற்றுநோயாக இருக்கலாம், மற்றதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வோம் என்றார் டொக்டர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகளே. பூசையில் பீடத்துச் சிவப்புத் துணியைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரிசல்ட் வந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்க, அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்றார்கள். நல்ல சேதிக்கு எதற்குத் துணை? சேதியைச் சொன்னதும் உங்கம்மா காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், என் கால உடுங்க, அனிற்றாப் பிள்ளையோட இடது பாதத்துலயும் ஒண்ணு இருக்கு, நான்தான் அதுக்கும் சுண்ணாம்பு தடவி அனுப்புனேன், அதப் பாக்கச் சொல்லுங்க.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. ஊருக்கு வர டிக்கெட் தேடாதே, நாளை நான் கூடப் போகிறேன். நீ இதை மடித்து வைக்கும் முன் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார், அங்கே ஒரு டொக்டரிடமும் காட்டு. அவர் சொன்னதை எனக்கு எழுது. அட்டைத் தழும்புதான் அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அப்பா
இருதயராஜ்