ஏசல் நாளைத் தடுத்த நன்னம்பியாருக்குக் கல்மடைக் கரையிலிருந்து

ஏரி நிறைக, மடை வழங்குக, குடிகளின் நா உலராதிருக்க.

வெண்குன்றமும் அதன் வடசரிவும் உடையவரும், எல்லைப்போரில் பகைவர் பாசறையை எரித்து மீண்டவரும், நீர்க்காகக் கொடி உயர்த்தவருமாகிய ஏந்திழை மாதேவியார் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் எயினன் மருதன் எழுத்தாணி பிடித்து எழுதியது. தலைநகர் நூலவையின் தலைவரும், மானுடக் குடிகளின் இயல்புரைக்கும் நூல்கள் பல செய்தவரும், 'உலகளந்த நாவலர்' என்னும் பட்டத்தைத் தாமே விரும்பிக் கேட்டுப் பெற்றவருமாகிய சாத்தன் நன்னம்பியார் காண்க. நூலவைக்கும் அதன் சுவடிகளுக்கும் நலம் உண்டாகுக. நன்னம்பியாரின் நலம் குறித்துத் தேவியார் இன்று எதுவும் மொழிந்தருளவில்லை, ஆதலின் எழுதப்படவில்லை.

தேவியார் கல்மடை ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருக்கிறார். போர் முடிந்து திரும்பும் வழியில், படையினருக்குச் சோறு கண்டு ஒரு பொழுது தங்கிப் போகலாம் என்று இறங்கியவர், ஊர்ச்சாவடியில் இரண்டு பெண்கள் விலங்கிட்டு வைக்கப்பட்டிருக்கக் கண்டார். ஒருத்தி மகனைப் பறிகொடுத்தவள். மற்றவள் அந்த மகனைக் கொன்றவனின் உடன்பிறந்தவள். இவர்கள் செய்த குற்றம் யாது என வினவியபோது, காவலர் தலைவன் தேவியாரின் பெயராலேயே வந்த ஓலையை எடுத்து நீட்டினான். ஏசிய குற்றம், தண்டம், நாடு கடத்தல். தேவியார் எல்லையில் இருந்த காலத்து, நூலவை வற்புறுத்த அமைச்சர் குழு பிறப்பித்த ஆணை அது. அதன் ஒவ்வொரு சொல்லும் நன்னம்பியாருடையது.

ஏசல் நாள் இன்னதென்று நன்னம்பியார் அறிவார். ஆனால் அறிந்தது பாதி ஆகையால் இங்கே முழுதும் எழுதப்படுகிறது. ஏரியின் தலைமாட்டில் இருப்பது கல்மடை; நீர் கடைசியில் போய்ச் சேரும் ஊர் தாழைக்குடி. ஆண்டுதோறும் மடை திறக்கும் முன்பு தாழைக்குடிப் பெண்கள் வந்து கரைமேல் நிற்பார்கள். கல்மடையார் கீழே தரையில் அமர்வார்கள். முந்திய போகத்தில் யார் இரவோடிரவாக வாய்க்காலைத் திருப்பினான், யாருடைய எருமை யார் நாற்றை மேய்ந்தது, யார் கொடுத்த வாக்கை விழுங்கினான் என்று ஒன்று விடாமல் சொல்லி வாய் வலிக்க ஏசுவார்கள். கேட்பவர் எழவும் கூடாது, மறுமொழி சொல்லவும் கூடாது. உச்சிக்குப் பின் முறை மாறும். ஏசியவர்கள் அமர, அமர்ந்தவர்கள் ஏசுவார்கள். பொழுது சாயும்போது இரண்டு ஊரும் ஒரே பானையில் கூழ் குடிக்கும். அதன்பின் இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து கைவைத்து மடைப்பலகையைத் தூக்குவார்கள். ஏசலில் சொன்ன வழக்கு அத்தோடு தீர்ந்தது. அதை மறுபடி கிளறுபவனை இரண்டு ஊரிலும் யாரும் சேர்ப்பதில்லை.

நன்னம்பியார் வந்தார், பல்லக்கில் வந்தார். முற்பகல் ஏசலைக் கேட்டார், வசவுகளை அகரவரிசையில் எழுதிக்கொண்டார். வெயில் ஏறியதும் தலைவலி என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். கூழ்ப்பானையை அவர் பார்க்கவே இல்லை. பார்த்த பாதியை வைத்துக்கொண்டு தலைநகரில் ஒரு கொள்கை கட்டினார். மானுடக் கூட்டமெல்லாம் ஒரே ஏணியில் ஏறுகின்றன. கீழ்ப்படியில் இருப்போர் வைவர், அடுத்த படியினர் அடிப்பர், அதற்கு மேலோர் வழக்காடுவர், உச்சிப்படியில் நூலோர் அமர்ந்திருப்பர். கீழ்ப்படியில் கிடக்கும் இவ்விரு ஊராரை அரசு கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது அந்தக் கொள்கை. உச்சிப்படியில் தம்மையே வைத்துக்கொண்ட அவரது அடக்கத்தைக் கேட்டுத் தேவியார் பல்லைக் கடித்தார்.

ஏசல் தடுக்கப்பட்டது. கரையில் நீர்ப்பங்கு பொறித்த கல் நடப்பட்டது. அந்த ஆண்டு ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. அதைக் கொண்டாடி நூலவையில் விருந்து நடந்ததாகவும் தேவியார் கேள்விப்படுகிறார். இங்கே ஊருக்கும் ஊருக்கும் பேச்சே நின்றுபோயிற்று. கடைமடையில் பயிர் காய்ந்தபோது போய்க் கேட்க ஒரு நாள் இல்லை, ஓர் இடம் இல்லை. நட்ட கல்லிடம் போய் என்ன சொல்வது. மனத்துக்குள்ளேயே போட்டுப் புழுங்கிய தாழைக்குடி ஆண்கள் மண்வெட்டியோடு வந்து கரையை வெட்டினார்கள். தடுக்க ஓடிய மடைக்காவலன் கொற்றன் வெட்டுப்பட்டு வாய்க்காலிலேயே விழுந்து செத்தான். வெட்டியவன் வேம்பி என்பவளின் தம்பி. அவன் காட்டுக்குள் ஓடிவிட்டான். கல்மடை ஆண்கள் தாழைக்குடிக்குத் தீவைக்கப் பந்தம் கட்டினார்கள்.

அப்போது வேம்பி தன்னந்தனியாகக் கல்மடைக்கு நடந்து போனாள். கொற்றனின் தாய் பூவத்தாளின் வாசலில் தரையில் அமர்ந்தாள். அப்படி அமர்ந்தால் என்ன பொருள் என்பது இரண்டு ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். பூவத்தாள் வெளியே வந்தாள். பெற்ற வயிறு எரிய ஏசினாள். குரல் போகும்வரை ஏசினாள். வேம்பி தலையைத் தூக்கவில்லை. ஏசல் நடக்கையில் கை ஓங்குவது வழக்கமில்லை ஆதலால், பந்தம் ஏந்தியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். எரிந்திருக்க வேண்டிய ஊர் எரியவில்லை. அதற்குப் பரிசாகத்தான் இருவர் கையிலும் விலங்கு. ஏசியவள் குற்றவாளியாம், அமர்ந்து கேட்டவள் உடந்தையாம். இவ்வளவு மூடத்தனம் சாதாரண மனிதருக்குக் கைவராது, அதற்கு நிறையக் கற்றிருக்க வேண்டும் என்று தேவியார் மொழிந்தருளினார்.

அந்தச் சினம் ஆறுவதற்குள் நன்னம்பியாரின் புதிய ஓலை வந்து சேர்ந்தது. கொற்றன் செத்த செய்தி எட்டியதும் அவர் ஏணியைக் கைகழுவிவிட்டு வேறொரு கொள்கை கண்டிருக்கிறார். ஊர் என்பது ஒரு தேர், வழக்கம் ஒவ்வொன்றும் அதில் ஒரு கடையாணி, ஆணியைப் பிடுங்கினால் தேர் சாயும் என்கிறார். ஆகவே ஏசல் நாளை மீண்டும் நடத்த வேண்டுமாம். அதற்கோர் அதிகாரி வேண்டுமாம். ஏசத்தக்க சொற்களை நூலவை தேர்ந்து தருமாம். குரல்வளமுள்ள பெண்களை அரசே அமர்த்தி ஏசச் செய்யலாமாம். தொன்மையான வழக்கம் என்பதால் இனி எக்காலத்தும் அதில் எதுவும் மாறக் கூடாதாம். கொற்றனைப் பற்றி அந்த ஓலையில் ஒரு வரி இல்லை. தேவியார் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

எந்தத் தேரும் தன் ஆணியைத் தானே மாற்றிக்கொள்வதில்லை. இவ்விரு ஊராரோ தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். தேவியார் விலங்கை அவிழ்க்கச் சொல்லி, வேம்பியை எதிரே அமர்த்தி, ஏசல் நாள் பழையபடி வேண்டுமா என்று கேட்டார். அரசின் சார்பில் யாரும் இதை அவளிடம் கேட்டது அதுவே முதல் முறை. சொல் மாற்றாமல் எழுதுமாறு பணித்தமையால் அவள் வாய்ச்சொல் இது: "பழசு அப்படியே வேணாம் தாயே. எங்க ஆத்தா காலத்துல ஆம்பளைங்கதான் கம்பெடுத்துக்கிட்டு வந்து ஏசுனாங்க. கம்பு வேணாம்னு பொம்பளைங்க நாங்க ஏத்துக்கிட்டோம். புள்ள இல்லாதவள மலடின்னு ஏசுறது எங்களுக்கே புடிக்கல. அதையும் விட்டுரலாம்னு கூழு குடிக்கையில பேசி, பாதிப் பேரு ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள இவரு வந்து வாயக் கட்டிட்டாரு, கை அவுந்துக்கிச்சு. எந்தம்பி செஞ்சது தப்புதான், அவனுக்கு உள்ளதக் குடுங்க. எங்க பேச்ச மட்டும் எங்ககிட்ட விட்டுருங்க."

ஆதலின், ஏசலைத் தடுத்த ஆணை இன்றோடு செல்லாது. இரண்டு பெண்களும் விடுவிக்கப்பட்டனர். நூலவை தேர்ந்த ஒரு சொல்லும், நூலவை அனுப்பும் ஓர் அதிகாரியும் இந்தக் கரைக்கு வர வேண்டா. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இவர்கள் கூழ்ப்பானையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். வேம்பியின் தம்பியைத் தேட வீரர் போயிருக்கின்றனர். கொலை ஏசலில் தீராது, மன்றத்துக்கே உரியது என்று இரண்டு ஊராரும் தாமே சொன்னார்கள்.

இனி நன்னம்பியாருக்கு. ஏரி தளும்புகிறது, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஊர்க் கையும் பட்டால்தான் மடைப்பலகை எழும். வேம்பியின் கை ஆயத்தமாக இருக்கிறது. கல்மடையின் சார்பில் கைவைக்க வேண்டியவள் பூவத்தாள், அவள் மறுத்துவிட்டாள். தாழைக்குடியோடு தனக்கிருந்த வழக்கை வேம்பியை ஏசித் தீர்த்துக்கொண்டதாகவும், ஊர் வாயைக் கட்டித் தன் மகனைத் தின்றவர் ஒருவர் தலைநகரில் இருப்பதாகவும், அவர் இங்கே வந்து தரையில் அமர்ந்து கேட்கும்வரை பலகையைத் தொடப்போவதில்லை என்றும் அவள் தேவியாரிடம் அறிவித்தாள். தேவியார் விரலசைத்தால் வீரர்கள் நொடியில் பலகையைத் தூக்கிவிடுவார்கள். தேவியார் அசைக்கவில்லை.

ஆகவே இவ்வோலை கண்ட பொழுதே குதிரையேறிப் புறப்படுக. சுவடி வேண்டா, குடை வேண்டா, ஏவலர் வேண்டா. வந்து அமர்க, எழாதிருக்க, மறுமொழி கூறாதிருக்க. பூவத்தாள் என்ன சொல்லப்போகிறாள் என்று தேவியார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் முடிக்குமுன் நன்னம்பியார் எழுவாராயின், பின்பு இந்த நாட்டில் அவர் அமர வேறு இடம் இராது. முடிந்தபின் கூழ் கொடுத்தால் குடிக்க. கொடாராயின் பசியோடு திரும்புக.

தேவியார் திருமுன் படித்துக் காட்டி, ஒரு சொல்லும் குறைக்க வேண்டா என்று அருளப்பெற்றது. அரக்கு இல்லாமையால் அன்று; அரக்கு வேண்டா என்று தேவியார் விலக்கியமையால், கொற்றன் விழுந்த வாய்க்காலின் களிமண்ணைக் குழைத்து நீர்க்காக முத்திரை இடப்பட்டது. முத்திரையை உடைத்தபோது நன்னம்பியாரின் கையில் அந்த மண் பட்டிருக்கும். கழுவாமல் வருக.