ஓடுபாதையில் மயில் விரட்டியவருக்கு

அண்ணே,

நம் விமான நிலையத்தின் வரலாற்றில் நேற்று ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரம் விவாதித்து, ஒருமனதாக எடுத்தோம். பறவைப் பதிவேட்டில் மயிலை இனி 'மயில்' என்று எழுதக் கூடாது. 'தேசியப் பறவை' என்றுதான் எழுத வேண்டும். பழைய பக்கங்களையும் திருத்த வேண்டுமாம். பணி அலுவலர் நான்தான் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. சிவப்புப் பேனாவும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன். உங்கள் கையெழுத்து.

"காலை 8.10. மயில் ஏழு. சொன்னவுடன் போய்விட்டன. ஒன்று மட்டும் முறைத்துவிட்டுப் போனது."

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் தூசு படிகிற மேட்டில் இந்த நிலையத்தைக் கட்டியபோது, ஓடுபாதையின் கிழக்கு முனை உங்கள் மக்காச்சோளக் கொல்லையின் மேல் போனது. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்றார்கள். உங்களுக்குக் கிடைத்தது பறவை விரட்டும் வேலை. ஒரு தகரத் தட்டு, ஒரு கட்டு வெடி, இருட்டிலும் மின்னும் பச்சைச் சட்டை. உங்கள் கொல்லைக்கு வழக்கமாக வருகிற மயில்களை உங்களை வைத்தே விரட்டச் செய்தது நிர்வாகம். ஏன் அண்ணே அதே இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகின்றன என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"நமக்கு நோட்டீஸ் வந்துச்சு சார், கெளம்பிட்டோம். அதுங்களுக்கு யாரு நோட்டீஸ் குடுத்தா?"

சென்னைக்குத் தினம் ஒரு விமானம், பத்தொன்பது இருக்கைகள். முதல் நாள் எல்லா இருக்கையும் நிரம்பியது. ஏறியவர்களில் பாதிப் பேர் திறப்பு விழா மேடையிலிருந்து நேராக வந்தவர்கள். ஐந்து மாதம் பறந்தது. பிறகு 'இயக்கக் காரணங்களுக்காகத் தற்காலிகமாக' நின்றது. அந்தத் தற்காலிகத்துக்கு இது மூன்றாவது வருடம். சேவைகள் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. தள்ளுவண்டிகளைத் தினமும் துடைத்து வரிசையில் நிறுத்தினோம். பெட்டி எடை பார்க்கும் இயந்திரத்தில் துப்புரவு செய்கிற பெண்கள் மாதம் ஒருமுறை ஏறி நின்று தங்கள் எடையைப் பார்த்துக்கொண்டார்கள். விசாரணைத் தொலைபேசியில் பெரும்பாலும் அரியலூரில் சென்னைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். அதற்கு நாம் ஒருமுறைகூடத் தவறான பதில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வேன் பிடித்து வருவார்கள். வேலி ஓரம் நின்று உங்களைக் கூப்பிடுவார்கள்.

"ஏங்க, பிளேனு எப்பங்க வரும்?"

"பிளேனு வராதுங்க. செத்த நேரம் நில்லுங்க, மயிலு வரும்."

வரும். பிள்ளைகள் கைதட்டும். நம் நிலையத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியவை அவை மட்டும்தான்.

ஆம்புலன்ஸ் பற்றிய விதி உங்களுக்குத் தெரியும். நிலையம் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஓர் ஆம்புலன்ஸ் ஓடுபாதை ஓரம் தயாராக நிற்க வேண்டும், விமானத்துக்கு ஏதாவது ஆனால் பயணிகளைக் காப்பாற்ற. அது வாசலைத் தாண்டினால் நிலையத்தை மூடியதாக அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்கத் தலைமை அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். சாவி என் மேசை டிராயரில். "வராத பிளேனுக்கு வண்டி காத்துக் கெடக்குது. பொறந்தா பிளேனா பொறக்கணும் சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை அண்ணே.

விமானம் நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காலை ஒன்பதரை மணி. கிழக்கு முனையில் தட்டுச் சத்தம் நின்றதைத் தீயணைப்பு ஆட்கள்தான் முதலில் கவனித்தார்கள். ஓடுபாதையின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தூக்கிவந்து என் அறை வாசலில் படுக்க வைத்தார்கள். வெளியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் தூரம். அது யார் குற்றமும் இல்லை. நம் வண்டி இருபதடி தள்ளி நின்றது. ஓட்டுநர் சேகர் கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான். "சாவியக் குடுங்க சார். ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன்."

நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"ஃப்ளைட் ஏதும் வருதா?"

"இல்லைங்க சார்."

"அப்ப மூடுறதுக்கு என்ன அவசரம்?"

"ஒருத்தருக்கு நெஞ்சு வலிங்க."

"பேசஞ்சரா?"

"நம்ம ஊழியர் சார்."

"மெயில் போடுங்க. பாத்து சொல்றோம்."

போட்டேன். 'பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன் அண்ணே. நீங்கள் தரையில் கிடக்க, வாசகம் சரியாக இருக்கிறதா என்று யோசித்தேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. வானத்தில் நமக்கென்று ஒரு விமானமும் இல்லை. சாவியை எடுத்துக் கொடுத்திருந்தால் கேட்க ஆளில்லை. ஒருவேளை கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஒரு விளக்கம் கேட்டிருப்பார்கள். நான் நன்றாக எழுதுவேன் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு விளக்கம் எழுதத் தெரியாதா எனக்கு?

சேகர் என்னைத் திட்டினான். தகும். தீயணைப்பு ஆட்கள் அதற்குமேல் பொறுக்காமல் சாலையில் போன சின்ன வெங்காய வண்டியை மறித்து, மூட்டைகளை இறக்கி உங்களை ஏற்றினார்கள். அப்போது நீங்கள் கண்ணைத் திறந்து சொன்னது எனக்குக் கேட்டது. "சாரத் திட்டாதீங்கடா. அவரு வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது."

அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அனுமதி பிற்பகல் மூன்றேகாலுக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வண்டி திரும்பிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள்.

திருமழபாடியில், கொள்ளிடக் கரையில் உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லாம் முடிந்து ஈரத்தோடு கரையேறும்போது உங்கள் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை.

"சார், அங்கயே வண்டி ஒண்ணு நிக்குமாமே?"

"நிக்கும்மா."

"ஓடுற வண்டியா?"

"ஓடுற வண்டிதாம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். "அவரு சொல்லியிருக்காரு. நான்தான் பொம்ம வண்டின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றார்.

சாப்பிட்டேன். அதற்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. இலையில் அவர் இரண்டாவது முறை சோறு வைத்தபோது வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

சாவி இப்போது டிராயரில் இல்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது, அது விதிமீறல். யாராவது விழுந்தால் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதுவரை யாரும் விழவில்லை. விழுந்தால் கொடுப்பேனா என்பது எனக்கே தெரியாது அண்ணே. உங்களைக் கேட்கலாம் என்றால், நீங்கள் என் வேலையைப் பற்றிக் கவலைப்படுவீர்கள்.

சென்ற வாரம் வருடாந்திர ஆய்வுக்கு வந்தார்கள். ஆம்புலன்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்து, 'பயன்படுத்தப்படவில்லை. நல்ல நிலையில் உள்ளது' என்று குறித்துக்கொண்டார்கள். நிலையத்தின் உரிமம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.