கிணற்றுக்குள் ஓட்டைப் பானை

ஜூன் 19, வியாழன்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. பகலில் எங்கே முடிகிறது. சேகர் இப்போதுதான் தூங்கினான். மேல்பல் இரண்டும் ஒன்றாக வருகிறது. எதை எடுத்தாலும் வாயில். இந்தக் காலரா சமயத்தில் தரையில் விடவே பயம்.

நீங்கள் சதுரங்கப்பட்டினம் கால்வாய்க்கு ஓவர்சீயர் வேலையாகப் போன அன்று பேசிக்கொண்டபடிதான் இந்த நோட்டு: நான் எழுதி வைப்பது, நீங்கள் ஊருக்கு வரும்போது படிப்பது. இப்போது வரவேண்டாம் என்று சொன்னதும் நானே. ஆக, படிக்க ஆளில்லாத நோட்டு. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதலாம்.

வெயில் குறையவில்லை. தெருக் கிணற்றில் தண்ணீர் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது.

இன்று ஆனவை: தண்ணீர் கொதிக்க வைத்தது மூன்று தடவை. அத்தைக்குக் காலரா ஊசி (கை வீங்கி, எனக்குத் திட்டு). ஈ மொய்த்த மாம்பழத்தைக் குப்பையில் போட்டேன். அதற்கும் திட்டு.

உங்கள் தங்கை மரகதத்துக்குக் காலேஜிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றித்தான் இன்றும் பேச்சு. இன்டர்மீடியட், கணக்கு–பௌதிகம்–ரசாயனம். 30ஆம் தேதி திங்கட்கிழமை திறப்பு. ஹாஸ்டல் படிவத்தில் கார்டியன் கையெழுத்து வேண்டும். மாமா இருந்திருந்தால் அவர், இப்போது நீங்கள். நீங்களோ, “வீட்டில் இருப்பவள் நீ. அனுப்பலாம் என்று நீ சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்” என்று எழுதிவிட்டீர்கள். பெரிய மனதுதான். பாரம் மட்டும் என் தலையில்.

அத்தை: “ஊரே வாந்தி பேதியில கெடக்குது, இவ பட்டணத்துக்குப் போயி இன்னா கிழிக்கப் போறா?”
மரகதம்: “பட்டணத்துல குழாத் தண்ணிம்மா. இங்கதான் பயம்.”

நான் அனுப்பவேண்டும் என்ற கட்சி. பி.ஏ. படித்தவள் வேறு எந்தக் கட்சியில் இருப்பேன்?

ஜூன் 20, வெள்ளி

வெயில். சேகருக்கு லேசாக வயிற்றுப்போக்கு. பல்தான் என்கிறார் அத்தை. நான் நாள் முழுக்க அவன் கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் சரியாகிவிட்டது.

காலையில் கிணற்றில் குளோரின் மருந்துத் தூள் கொட்டினார்கள். வழக்கம்போல் நாற்றம். பாதிப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு. குடிக்கக்கூடாத தண்ணீர் அதுதான்! இரண்டு நாளில் நாற்றம் போகும், எல்லோரும் கிணற்றுக்குத் திரும்புவார்கள். அதற்குள் மருந்தும் போயிருக்கும். இதைச் சொன்னது மரகதம்.

“அண்ணி, மொத்தமா கொட்டறதுதான் தப்பு. சொட்டுச் சொட்டா விடணும். கோயில்ல லிங்கத்துக்கு மேல பானை தொங்குமே, அடியில ஓட்டை போட்டு, நாளெல்லாம் சொட்டுமே. அத அப்படியே கிணத்துக்குள்ள முக்கினா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

கொல்லையில் பீப்பாயில் பரீட்சை. முதல் பானை: பெரிய ஓட்டை, ஒரு மணி நேரத்தில் காலி. இரண்டாவது: தூள் மட்டும் போட்டது, உள்ளேயே கட்டிதட்டிவிட்டது. மூன்றாவது: ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு பாலாற்று மணல், வயிற்றில் சின்ன ஓட்டை மூன்று. நின்று நிதானமாகக் கசிகிறது. சானிடரி இன்ஸ்பெக்டரிடம் போய்த் தூள் கேட்டு வாங்கி வந்தது அவளேதான். “செஞ்சு பாரும்மா, எனக்கும் ஒரு வேலை குறையும்” என்றாராம்.

உங்கள் மோட்டார் சைக்கிள் கண்ணாடி, மூக்கைச் சுற்றித் துண்டு, தூக்கிச் செருகின தாவணி. தெருப் பிள்ளைகள் சுவரேறிப் பார்த்து “குளோரின் குமாரி” என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கதையும் தயார். குளோரின் குமாரி ராத்திரியில் தாவணியை விரித்துக் கிணறு கிணறாகப் பறப்பாளாம். காலரா அரக்கன் தண்ணீருக்குள் ஒளிந்திருப்பானாம். மூக்கிலேயே ஒரு குத்தாம்.

மரகதம் கேட்டுவிட்டு, “மூக்குல இல்ல, வயித்துல குத்தினேன்னு சொல்லுங்கடா” என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. தூங்கிவிட்டேன்.

பானை இன்று தெருக் கிணற்றில் இறங்கியது. கயிறு பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்கா கொடுத்தது, அவர்கள் கடைக் கயிறு. அவர் பையனுக்கும் சேகர் வயதுதான். என்னைப்போலவே ராத்திரியில் எழுந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற ஜாதி.

சாயந்திரம் மரகதம் ஒரு குடம் இறைத்து, அதில் ஒரு டம்ளர் எடுத்து, வடிகஞ்சி இரண்டு சொட்டும், பள்ளிக்கூட வாத்தியாரம்மா கொடுத்த ஏதோ உப்பும் விட்டாள். நீலம்! மருந்து இருந்தால்தான் நீலம் வருமாம். நாற்றம் துளிக்கூட இல்லை. எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது. இடுப்பில் சேகர், தட்டவில்லை.

ஜூன் 23, திங்கள்

மோசமான நாள்.

காலை ஏழு மணிக்குக் கிணற்றடியில் சத்தம். வண்டிக்கார முனுசாமி பானையை மேலே இழுத்துப் போட்டு உடைத்திருந்தார். சுற்றி ஒரே கூட்டம்.

“யாரு வூட்டு வேலை இது? மூணு ஓட்டை போட்ட பானைய குடிக்கிற தண்ணியில தொங்க வுட்டுகினு கீறீங்களே! அடுத்த பொணம் எந்த வூட்டுலன்னு எண்ணிகினு கீறீங்களா?”

மரகதத்துக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. “மருந்துப் பானைங்க அது” என்றேன்.

“இன்னாம்மா ஓவர்சீயர் அம்மா, படிச்சவங்க நீங்க. சுடுகாட்டுல கொள்ளி வைக்கறப்ப, தோள்ல தூக்கிச் சுத்தற பானை எப்பிடி இருக்கும்னு தெரியாது?”

தெரியாது. அதுதான் விஷயம். நானும் மரகதமும் என்றைக்குச் சுடுகாட்டுக்குப் போனோம்? பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுகிறோம். பிள்ளை தோளில் குடத்தோடு சுற்றிவரும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஓட்டை, மூன்று சுற்றுக்கு மூன்று. காதால் கேட்டதுண்டு, கண்ணால் பார்த்ததில்லை. இவளும் சரியாக மூன்றே ஓட்டை போட்டிருக்கிறாள். போன புதன்கிழமைதான் முனுசாமி தன் அண்ணனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பானையைப் பார்த்த கண் இன்னும் காயவில்லை. மறுபடி அதையே குடிதண்ணீரில் பார்த்தால்?

கோபப்பட முடியவில்லை.

மரகதம் சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதாள். “நாலு ஓட்டையா போட்டிருக்கலாம் அண்ணி. அஞ்சு போட்டிருக்கலாம். மூணுதான் போட்டேன்.” அப்புறம், “நான் காலேஜுக்கும் போவல. பானையக்கூட எப்படித் தொங்கவிடணும்னு தெரியல, இன்னா ரசாயனம் படிச்சு இன்னா.”

சாதம் குழைந்துவிட்டது. சேகர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

மேகம் வந்தது, போனது.

அத்தை காலையிலேயே குளித்துவிட்டு, புதுப் பானை ஒன்றைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்தார். “இன்னும் ரெண்டு ஓட்டை போடுடி” என்றார். மரகதம் போட்டாள். அத்தை அதன் கழுத்தில் மஞ்சள் தோய்த்த நூல் கட்டி, வயிற்றில் ஓட்டைகளின் மேலாக இன்னொரு சுற்று நூல் சுற்றினார். மேலே வேப்பிலை செருகப் போனார்.

“அம்மா, இலை தண்ணியில ஊறினா மருந்த அதுவே தின்னுடும்!”
“மருந்து தின்னுமோ சோறு தின்னுமோ. வேப்பிலை இல்லாம ஆத்தா பானையா?”

கடைசியில் சமாதானம்: நூல் பானைக்கு, வேப்பிலை கிணற்றுத் தூணுக்கு.

அத்தையே முனுசாமியைக் கூப்பிட்டார். “முனுசாமி, இது ஆத்தா பேர் சொல்லிக் கட்டின பானை. நீதான் எறக்கணும்.” அவர் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டையை எண்ணினார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். “நேத்து பேஜாராப் பூட்ச்சி, மனசுல வெச்சிக்காத மே” என்று மரகதத்திடம் சொன்னார். “அண்ணன் மொகம் கண்ணுலயே கீது.”

மரகதத்துக்கு உள்ளுக்குள் வருத்தம். விஞ்ஞானத்துக்கு மஞ்சள் பூசவேண்டியிருக்கிறதே என்று. “பூசினா என்ன, தண்ணீர் சுத்தமாகிறதா இல்லையா” என்றேன். என் மாமியாருக்கு நான் பரிந்து பேசினது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. இதை நீங்கள் இரண்டு முறை படிக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்! ஏழெட்டு எண்ணும்வரை.

பானையை ஏற்றிப் பார்த்தோம். ஓட்டையைச் சுற்றின நூல் வெள்ளை வெளேர். நேற்றே பார்த்த ஜைத்தூன் அக்கா, “சேப்பா இருந்துச்சே தங்கச்சி, பயந்துட்டேன்” என்கிறார். மரகதம் சிரித்தாள். தூளில் சுண்ணாம்பு இருக்கிறது, மஞ்சளோடு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர்போல் சிவக்கும், பிறகு மருந்து அதை வெளுத்துவிடும்.

இந்த ஒரு வாரத்தில் நம் தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. பானையாலா, ஊசியாலா, தெரியாது. ஆனால் ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று மட்டும் நான்கு தெருக்காரர்கள் வாசலில்.

“குளோரின் பொண்ணு வூடு இதுவா?”
“எங்க கிணத்துக்கும் ஒண்ணு கட்டிக் குடு தாயி.”
“காலேஜு எங்க ஓடிப்பூடும்? அடுத்த வருசமும் அங்கயேதான் கீது. நீ பூட்டா கஞ்சியில நீலம் பாக்கறது யாரு?”

இன்ஸ்பெக்டரும் வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தன்மையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்து உப்பும் தீர்ந்துவிட்டதாம்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மரகதம் என் முகத்தைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். அவர்கள் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இவள் இருந்தால் கிணறு சுத்தம், சேகர் பத்திரம். அவளை அனுப்பவேண்டும் என்று பத்து நாளாகக் கட்சி கட்டினவள், என் பிள்ளைக்காக அவளைக் கிணற்றடியில் கட்டிப்போட நினைத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. எனக்குப் பதினேழில் யாரும் அப்படிச் செய்யவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காற்று கொஞ்சம் குளிர்ச்சி. வேர்க்குரு தேவலை.

காலையில் மரகதம் சத்தமில்லாமல் கொல்லையில் இருந்தாள். பீப்பாயில் போன வெள்ளிக்கிழமை முக்கின பானை இன்னும் கிடக்கிறது, மருந்து தீர்ந்துபோய். அதன் ஓட்டைமேல் நேற்றே புது மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தாளாம். இன்று மஞ்சளாகவே இருந்தது. கிணற்றுப் பானையில் நேற்றுச் சுற்றின புது நூலோ இதற்குள் சிவந்துவிட்டது.

“அண்ணி, உப்பும் வேணாம் கஞ்சியும் வேணாம். நூல் நிறம் மாறினா மருந்து இருக்கு. ஒரு நாள் ஆகியும் மஞ்சளாவே இருந்தா தூள் மாத்தணும். அவ்வளவுதான். அம்மா கட்டின நூல்தான் மீட்டரு!”

அத்தை உள்ளேயிருந்து: “இன்னாடி மீட்டரு? நான் ஆத்தாவுக்குக் கட்டினேன்.”
“ஆத்தாவுக்கும் மீட்டருக்கும் சேத்துக் கட்டிட்டம்மா.”

மத்தியானம் நான்கு தெருப் பெண்களையும் கூப்பிட்டோம். ஒரு பங்கு தூள், இரண்டு பங்கு மணல், ஐந்து ஓட்டை, நூல். ஜைத்தூன் அக்கா ஒரே தடவையில் கற்றுக்கொண்டு, பள்ளிவாசல் தெருவுக்குத் தானே பொறுப்பு என்றார். “எங்களுக்கு வேப்பிலை வேணாம், நூல் போதும்.” முனுசாமி வண்டியில் மணல் கொண்டுவருகிறார். நம் தெருப் பானை என் பொறுப்பு. நானே கலந்து, நானே கட்டி இறக்கினேன். இருமல் வந்தது, கை எரிந்தது. மூன்று மணி நேரம் கழித்து நூலின் ஓரம் சிவந்ததைப் பார்த்தபோது, பி.ஏ. பாஸ் என்று தந்தி வந்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை.

பயம் போய்விட்டதா? இல்லை. சேகர் தும்மினாலே எழுந்துபோய் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மரகதத்தைக் காவல் வைக்கக்கூடாது. சாயந்திரம் அவளிடம் சொன்னேன், திங்கட்கிழமை கிளம்பு என்று. சேகரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டாள். அத்தை ஐந்து நிமிஷம் திட்டிவிட்டு, பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

நீங்கள் ஊருக்கு வந்து படித்துக்கொள்ளலாம் என்று இந்த நோட்டை வைத்துக்கொண்டிருக்க முடியாது. தனியாகக் கடிதம் எழுதினால் ஒழுங்காக எழுதிவிடுவேன், நேற்று நினைத்ததை மறைத்துவிடுவேன். அதனால் நோட்டையே நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹாஸ்டல் படிவம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அனுப்பலாம். கையெழுத்துப் போட்டு, இரண்டு வரியாவது எழுதி, நாளைச் சாயந்திர பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புங்கள். தாமதம் வேண்டாம்.