எட்டுச் சொட்டு

மேலப்புதூர், திருச்சி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள கேத்தரினுக்கு,

போனை பிளாக் பண்ணிட்டே, அதான் தபால். கவர் கேட்டதுக்கு போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. மணப்பாறைல உங்கம்மா சுகமா? புது ஸ்கூல்ல பசங்க அடங்குறாங்களா?

தப்பு என்னுதுதான். வேலை போனதை நாலு மாசம் மறைச்சு, நீ கட்டிக் கொடுத்த டிபனை ஜங்ஷன் பிளாட்பாரத்துல உட்கார்ந்து தின்னேன். சொன்னா உன் மூஞ்சி எப்படி மாறுமோன்னு பயம். இப்ப ஒரு மருந்து ஏஜென்சில சேர்ந்துட்டேன். வந்துடும்மா. வராட்டி நீ மீனும் பவளமும் வளர்க்குற கடல் தொட்டிய என்ன பண்றதுன்னாவது சொல்லு. அந்த ரெண்டடித் தொட்டியப் பார்த்தாலே எனக்கு வெடவெடங்குது.

உன் ரெஜிஸ்

*

மணப்பாறை
7 பிப்ரவரி

ரெஜிஸ்,

உங்க குரலக் கேட்டா இளகிடுவேன். எழுத்துலயே பேசுங்க.

தொட்டில தண்ணிதான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். அதனால குறைஞ்ச அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துங்க. தினம் காலைல வெள்ளப் பவுடர் ஒரு ஸ்பூன் கரைச்சு விடுங்க. பவளமும் ஒரு உசிருதான், எலும்பு கட்ட அதைத்தான் உறிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் டெஸ்ட் கிட் எடுத்து, சின்னக் குப்பில தொட்டித் தண்ணி பிடிச்சு, மருந்தைச் சொட்டுச் சொட்டா விடுங்க. நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டு ஆகுதுன்னு எண்ணுங்க. தண்ணில பவுடர் சத்து குறைஞ்சா சொட்டும் குறையும். எட்டு இருக்கணும்.

மூணுன்னா மூணுன்னே எழுதுங்க, திட்ட மாட்டேன். கதை மட்டும் வேண்டாம், உங்க கதை கேட்டு அலுத்துப் போச்சு. நம்பர் போதும். ஒரு பொய் இல்லாம ஈஸ்டர் வரைக்கும் எழுதிட்டா, ஈஸ்டர் பிரியாணி நம்ம வீட்டு அடுப்புலதான்.

கேத்தரின்

*

திருச்சி
17 பிப்ரவரி

கேத்தி,

எட்டு! ரெண்டு தடவை எண்ணிட்டேன். மீன் ரெண்டும் ஜோரா இருக்கு. உன் அத்தைதான் தண்ணி எடுத்து வெச்சுக் கொடுக்குறாங்க. 'என் மருமக கடலையே வீட்டுக்குள்ள வெச்சிருக்கா'ன்னு தெருவெல்லாம் பெருமை. பிரியாணிக்கு நானே வெங்காயம் உரிக்கிறேன், போதுமா?

ரெஜிஸ்

*

மணப்பாறை
3 மார்ச்

அன்புள்ள ரெஜிஸுக்கு,

படிச்சுச் சிரிச்சுட்டேன். அத்தைகிட்ட சொல்லுங்க, முறுக்கு பார்சல் அனுப்பியிருக்கேன், பல்லுக்கு வலிக்காத பதம்தான்.

ஒரு விஷயம். பவுடரை மூணு வாரம் நிறுத்திடுங்க. இப்ப தண்ணிக்கு அது தேவையில்ல. நம்பரை மட்டும் விடாம எழுதுங்க.

உங்க கேத்தி

*

திருச்சி
31 மார்ச்

அன்புக் கேத்தி,

சொன்ன மாதிரியே பவுடரைத் தொடவேயில்ல. நாலு ஞாயிறும் எண்ணினேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. மீன் சுகம். அம்மா முறுக்க ஒளிச்சு வெச்சுத் திங்குறாங்க. எப்ப பஸ் ஏறுறேன்னு எழுது, ஸ்டாண்டுக்கு வந்து நிக்கிறேன்.

உன் ரெஜிஸ்

*

மணப்பாறை
4 ஏப்ரல்

ரெஜிஸ்,

எத்தனை அழகா நாலு எட்டு! கூச்சமே இல்லையா உங்களுக்கு?

பவுடரை நிறுத்தினா மூணு வாரத்துல நாலு சொட்டுக்கு இறங்கியே தீரும். வேணும்னேதான் நிறுத்தச் சொன்னேன். என் பவளம் பட்டினி கிடந்து செத்தாலும் சாகட்டும், உங்க வாயில ஒரு உண்மை வருதான்னு பார்க்க நினைச்சேன். கிட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீங்க. பிளாட்பாரத்துல டிபன் தின்ன அதே ஆளு. உங்களைச் சொல்லி என்ன பண்றது, பெத்து வளர்த்தவங்க லட்சணம்.

வக்கீல்கிட்ட பேசிட்டேன். நோட்டீஸ் வரும்.

கேத்தரின்

*

திருச்சி
9 ஏப்ரல்

கேத்தரின்,

நாலு ஞாயிறும் எட்டுதான். உன் கடிதம் வந்ததும் மீன் கடை ரசூல் பாய்கிட்ட தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணினாலும் எட்டு. அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு உள்ளே இருக்கு.

உறிஞ்ச உசிர் இருந்தாத்தானே குறையும்? உன் பவளம் ஒண்ணு விடாம மார்ச் ஆறாம் தேதியே வெளுத்துச் செத்துப் போச்சு. பவுடரை நிறுத்தச் சொன்ன உன் கடிதம் அன்னைக்குத்தான் வந்துச்சு. ஆர்.ஓ. தண்ணிய அம்மா செப்புக் குடத்துல பிடிச்சு வெச்சிருந்து கொடுத்திருக்காங்க. செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதாம். மருமக உசிரா வளர்க்குறதாச்சே, நல்ல தண்ணியா ஊத்துவோம்னு நினைச்சிருக்காங்க. மீன் தாங்கிடும், பவளத்துக்குச் செம்பு விஷம்னு செத்த அன்னைக்கு ரசூல் பாய் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. 'என் பேரை எழுதிடாதடா, அவ வராம போயிடுவா'ன்னு அம்மா அழுதாங்க. நீயும் நம்பர் போதும்னே. அதனால நம்பரை மட்டும் எழுதினேன். மறைச்சது தப்பு, அதுக்கு என்னை என்ன வேணா சொல்லு.

ஆனா உனக்கு அது செத்தது தெரியாது. உசிரோட இருக்குன்னு நினைச்சுக்கிட்டே சாப்பாட்ட நிறுத்தச் சொன்னே. அஞ்சு வருஷம் பெத்த பிள்ளை மாதிரி பார்த்ததை! எங்கம்மாவுக்கு முறுக்கு அனுப்பின அதே கடிதத்துல! என்னைப் பிடிக்கறதுக்கு அதைப் பட்டினி போட்டிருக்கே. படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

நோட்டீஸ் அனுப்பு, வந்த அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன். இங்க இருந்தவரைக்கும் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்தது நீதான். இனி என்மேல ஒரு சந்தேகம் வந்தா எதை நிறுத்துவியோ, எனக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு வந்துடாதே. எனக்குப் பயமா இருக்கு.

ரெஜிஸ்